அக்கா வீட்டுக் கார் – 9: டின்னுக்குள் கிடந்த ரப்பர்

மரியான் இன்று வருகிறான்.

கப்பலிலிருந்து இறங்கி, மும்பையில் தங்கி, சென்னை வழியாக வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வருகிறான். போன வாரம் அந்தச் செய்தி வந்ததிலிருந்து அவன் மனைவி பிளாரன்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜன்னல் திரையைத் துவைத்தாள், அலமாரியைத் துடைத்தாள், புன்னைக்காயல் முழுக்க ஒரு சுற்று சொல்லிவிட்டும் வந்தாள்.

இந்தக் குடும்பத்துக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. பிளாரன்ஸின் தம்பி கிளைட்டன், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டுகிறவன். அந்தப் படகில் பாதிக்கு மேல் அத்தான் மரியானின் கப்பல் சம்பளம். கிளைட்டன் கட்டிய வீட்டின் கூரையிலும் அத்தானின் காசு இருக்கிறது. "குடும்பத்துக்குள்ள என்ன கணக்கு மாப்ள" என்று மரியான் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவன் கணக்குக் கேட்டிருந்தால்கூட கிளைட்டனுக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வாங்கிக்கொண்டே இருக்கிறவனுக்குத் திருப்பிக் கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டும். கிளைட்டனுக்குக் கிடைத்தது அக்கா வீட்டுக் கார்.

முதல் தடவை சர்வீஸுக்கு விட்டபோது, ஏசியில் வாடை வருகிறது என்று ஒரு பட்டறையில் பெரிய தொகை சொன்னார்கள். கிளைட்டன் வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து, டேஷ்போர்டைக் கழற்றி, ஒரு ஃபில்டரைத் தட்டிப் போட்டான். வாடை போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வண்டியை வேறு யாரும் தொட்டதில்லை. ஆயில் மாற்றுவது அவன்தான். பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவுவதும் அவன்தான். வைப்பருக்கு ரப்பரை மட்டும் வாங்கி மாட்டுவான். உப்புக் காற்றுக்கு அடிப்பக்கம் அரித்துவிடும் என்று வாராவாரம் நல்ல தண்ணீர் பீய்ச்சி அடிப்பான். நியாயமாகச் சொன்னால், அவன் செய்ததில் முக்கால்வாசி எந்தப் பட்டறையும் குறை சொல்ல முடியாத வேலைதான். மிச்சம் கால்வாசியில்தான் இன்றைய கதை.

விமான நிலையத்துக்கு அவன்தான் ஓட்டிப் போவதாக இருந்தது. ஆனால் மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. கரையில் ஏற்றி வேலை பார்த்த படகு இன்றைக்குத்தான் தண்ணீரில் இறங்குகிறது, பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்கிறார். அதனால் பிளாரன்ஸே சாவியை எடுத்தாள். துணைக்குக் கிளைட்டனின் மனைவி ஆனியை ஏற்றிக்கொண்டாள்.

---

"உன் மாப்பிள்ளை கை வச்சா வச்சதுதாம்ளா," என்றாள் பிளாரன்ஸ், ஆத்தூர் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது. "பின்னாடி சக்கரத்து பிரேக்குல எண்ணெ கசியுதுன்னு பட்டறைக்காரன் முழு செட்டும் மாத்தணும்னான். இவன் ரப்பரை மட்டும் வாங்கிப் போட்டு முடிச்சிட்டான்."

"ம்."

"நம்ம தெரு இன்பமணி வாயப் பொளந்துட்டா. அவ வீட்டுக்காரரு தொம்மை இருக்காருல்லா, அவரு வேனையும் நம்ம கிளைட்டன்தான் பாத்துக் குடுத்தான். காசே வாங்கலியாம்."

ஆனி வெளியே பார்த்துக்கொண்டாள். காசு வாங்காதது அவளுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிடாமல் கொள்ளாமல் அந்த வேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தவனுக்குச் சோற்றை மூடி வைத்தது அவள்தானே. ஊரே மெச்சுகிறது என்ற சந்தோஷத்தில் அவன் ஒவ்வொரு வண்டியாக இழுத்துப்போட்டுக்கொள்வது அவளுக்கு அறவே பிடிக்கவில்லை. ஆனால் மைனியிடம் அதை எப்படிச் சொல்வது?

"மைனி, வண்டி கொஞ்சம் இழுவையா இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"எதுத்தாப்புல காத்து அடிக்குல்லா," என்றாள் பிளாரன்ஸ்.

---

துறைமுகத்தில் படகின் மேல்தளத்தில் குந்தியிருந்தான் கிளைட்டன். வலை இழுக்கும் விஞ்சுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். அதுதான் கடைசி வேலை. வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த டின்னைத் திறந்து புனலில் சரித்தான்.

எண்ணெய் வடிந்து முடிந்தபோது அடியில் ஏதோ உருண்டது. டின்னைக் கவிழ்த்துத் தட்டினான். கறுப்பாக, கொழகொழவென்று ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.

முதலில் என்னவென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. காரின் பின்சக்கர பிரேக்குக்கு வாங்கிய ரப்பர் கிட்டில் ஒரு ரப்பர் குறைந்தது, அதைத் தேடித் தேடிக் கிடைக்காமல், பழசில் நல்லதாகப் பார்த்து ஒன்றைப் போட்டுச் சமாளித்தான். அந்தக் காணாமல் போன ரப்பர்தான் இது. அன்றைக்குத் தவறி டின்னுக்குள் விழுந்திருக்கிறது.

விரல் நகத்தளவு இருந்த ரப்பர் இப்போது ஊறிய வடை மாதிரி உப்பியிருந்தது. நசுக்கினான். பிய்ந்து கையோடு வந்தது.



அன்று ஞாயிற்றுக்கிழமை. சக்கரத்தை மாட்டி, பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும்போது பிரேக் ஆயில் தீர்ந்துவிட்டது. கடை கிடையாது. பக்கத்தில் விஞ்ச் எண்ணெய் டின் இருந்தது. தடைக்காலத்தில் படகுக்காரன் எல்லாவற்றையும் தன் கையாலேயே பார்ப்பவன், இருப்பதை வைத்து ஒப்பேற்றுகிறவன். படகில் அது நடக்கும். அதுவும் அழுத்தத்தில் வேலை செய்கிற எண்ணெய், இதுவும் அழுத்தத்தில் வேலை செய்கிற எண்ணெய். ஊற்றிவிட்டான். தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தான், பிரேக் சும்மா கும்மென்று பிடித்தது.

அந்தக் காரின் பிரேக் முழுக்க இதே மாதிரி ரப்பர்கள். எல்லாம் இத்தனை நாளாக அந்த எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன. இந்த நிமிஷம் அதில் அக்காவும் ஆனியும் வந்துகொண்டிருக்கிறார்கள். உப்பு லாரியும் கன்டெய்னர் லாரியும் ஓடுகிற ரோடு.

போனை எடுத்தான். ஆனிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, எங்கன வாரிய?"

"பழையகாயல் தாண்டியாச்சுல. என்ன, சாமியாரு வந்துட்டாரா?"

"இப்பம் வந்துருவாரு. வண்டி… வண்டி எப்படி இருக்குக்கா?"

"உன் கை பட்ட வண்டிக்கு என்னல? கொஞ்சம் இழுக்கு. மிதிச்சாத்தான் போவுது."

உப்பிய ரப்பர் பிரேக்கை விடமாட்டேன் என்கிறது. அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அக்கா, ஓரமா நிறுத்து. அவ்வளவு சொன்னால் போதும். வாயைத் திறந்தான்.

"பாத்தியாளா ஆனி," என்று அக்கா பேசுவது போனில் கேட்டது. "போட் இறக்குத நேரத்துலயும் அவனுக்கு வண்டி நெனப்புதான். ஒங்க அண்ணன் பிளைட்ட விட்டு இறங்குனதும் அவியள்ட்ட சொல்லணும். சொந்தத் தம்பி இல்லன்னா இப்படிப் பாப்பானான்னு."



"ஏசியை நிறுத்திரு அக்கா, இழுவை கொறையும்," என்றான் கிளைட்டன். "மெதுவா வாங்க. ஊருக்குள்ள நுழையுத ரவுண்டானாகிட்ட நான் வாரேன். அங்கன இருந்து நானே ஓட்டுதேன்."

"நீ போட்டைப் பாருல. பிளைட் இறங்குத நேரம் ஆவுது."

போன் அணைந்தது.

கிளைட்டன் கையில் இருந்ததைப் பார்த்தான். அக்கா உயிரை விட அவள் வாயிலிருந்து வருகிற நல்ல வார்த்தை தனக்குப் பெரிதாகிவிட்டதா என்று நினைத்தான். நினைத்ததும் அவமானமாக இருந்தது. படகிலிருந்து ஒரே குதியாகக் குதித்து, கரையில் நின்ற படகு ஆளிடம் கை நீட்டினான்.

"நேசக்குமாரு, பைக் சாவியைத் தா!"

"சாமியாரு வந்துட்டாருல, மாலையோட அந்தா நிக்காரு…"

கிளைட்டன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். டிரைவர் இல்லாமல் படகை யார் தண்ணீரில் இறக்குவது என்று பின்னால் யாரோ கத்தினார்கள்.

---

ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கியதும்தான் வாடை வந்தது.

"மைனி, ஏதோ கருகுது."

"உப்பளத்துல குப்பையை எரிப்பாவ."

இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. ரோட்டோரம் அங்கங்கே உப்பு அம்பாரம், மேலே பனையோலை வேய்ந்து. எங்கும் புகை இல்லை. ஆனி திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"மைனி, புகை நம்ம வண்டியிலதான் வருது."

பிளாரன்ஸ் கண்ணாடியில் பார்த்தாள். சரி, ஓரம் கட்டலாம் என்று பிரேக்கில் கால் வைத்தாள். கல்லை மிதித்தது போல இருந்தது. இன்னும் அழுத்தினாள். அந்தக் கல் சட்டென்று கரைந்த மாதிரி, பெடல் காலோடு அடி வரைக்கும் இறங்கியது. வண்டி நிற்கவில்லை.

"ஆனி," என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "பிரேக் இல்லளா."

முன்னால் ஒரு உப்பு லாரி, உப்பளத்துப் பாதையிலிருந்து ரோட்டின் குறுக்கே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி.

ஆனியின் மடியில் போன் அடித்தது, எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆனி, கேளு!" கிளைட்டன் கத்தினான். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறான், மூச்சு வாங்குகிறது. "பிரேக்குல நான் போட் எண்ணெயை ஊத்திட்டேன். அது பிடிக்காது. வண்டியை நிறுத்தச் சொல்லு!"

"பிடிக்கலங்க! முன்னால லாரி நிக்கி!"

 கிளைட்டனின் குரல் மாறியது. கடலில் வலை சிக்கும்போது ஆட்களிடம் பேசுவானே, அந்தக் குரல்.

"அக்கா, பெடலை விட்டுரு. கிளட்சை மிதி, மூணுக்கு இறக்கு. கிளட்சை விடு. இப்பம் ரெண்டு. வண்டி கத்தும், கத்தட்டும். ஆனி, ஹேண்ட் பிரேக்கை நீ பிடி. ஒரே இழுவையா இழுத்துராத. பொத்தானை அமுக்கிக்கிட்டே கொஞ்சங் கொஞ்சமா."

இஞ்சின் அலறியது. இரண்டு பெண்களும் முன்னால் சாய்ந்தார்கள். ஆனி இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். வேகம் குறைந்தது, ஆனால் லாரி அதைவிட வேகமாகக் கிட்டே வந்தது. அதன் பின்பலகையில் எழுதியிருந்ததை வாசிக்கிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது.

"சேசு மரி சூசை!" என்று பிளாரன்ஸ் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள்.

கார் ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் குதித்து, ஓர் உப்பு அம்பாரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. மேலிருந்த பனையோலை சரசரவென்று கண்ணாடியை மூடியது. உள்ளே இருட்டிவிட்டது.

"ஆனி? அக்கா?" மடியிலிருந்து விழுந்து காலடியில் கிடந்த போன் கத்திக்கொண்டே இருந்தது. "ஆனி!"

---

கிளைட்டன் வந்து சேர்ந்தபோது உப்பளத்து ஆட்கள் ஓலையை விலக்கிக்கொண்டிருந்தார்கள். பிளாரன்ஸ் பாத்தி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மரியானுக்குப் பிடிக்கும் என்று கட்டிய நீலச் சேலை முழுக்க உப்பு. ஆனி நெற்றியில் லேசாக வீங்கியிருந்தது. ஓர் அம்மா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவன் என்ன செய்வது என்று தெரியாமல் நேராகக் காரிடம் போய்ப் பின்சக்கரத்தில் கை வைத்தான். சுரீரென்று சுட்டது.

"இங்க ரெண்டு மனுசர் இருக்கோம்," என்றாள் ஆனி. "நீங்க சக்கரத்தைப் பாக்குதிய."

அவன் திரும்பி வந்து அக்காவின் முன்னால் நின்றான். பிளாரன்ஸ் தலை நிமிரவில்லை.

"முதல்ல போன் போட்டேல்லா. அப்பவே உனக்குத் தெரியுமால?"

"அக்கா, அது…"

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"ஏசியை நிறுத்துன்ன."

பிளாரன்ஸ் மடியிலிருந்த உப்பைத் தட்டிவிட்டாள்.

"எண்ணெயை மாத்தி ஊத்தினது கைப்பிசகு. நான்தான் மிச்சம் பிடி, மிச்சம் பிடின்னு உன்னைத் தூக்கி வச்சு ஆடுனேன். அதுல எனக்கும் பங்கு உண்டு, இல்லங்கல. ஆனா வாய் இருந்தும் சொல்லாம வச்சிட்டுப் போனியே, அது என்னல?"

"நீ என்னைப் பத்திப் பெருமையா பேசிக்கிட்டிருந்தக்கா. அந்நேரம் எனக்கு வார்த்தை வரல." அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்களுக்குத் திருப்பிக் குடுக்க எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

"அதுக்கு நாங்க ரெண்டு பேரும் சாவணுமா?"

அவள் அதைக் கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் அவனால் கொஞ்சம் தாங்கியிருக்க முடியும்.

பிளாரன்ஸின் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். மரியான். விமானம் இறங்கிவிட்டது. எத்தனையோ மாதமாக அவள் காத்திருந்த அழைப்பு. எடுக்கத் தெம்பில்லாமல் அடித்து ஓயும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஆனி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"ஏங்க," என்றாள். மெதுவாக, பயந்து பயந்து கேட்டாள். "தொம்மை அண்ணன் வேனையும் அன்னைக்குத்தானே பாத்திய?"



அதே ஞாயிற்றுக்கிழமை. அதே டின். தொம்மையின் வேனிலும் பிரேக் ஆயில் கொஞ்சம் குறைந்திருந்தது. சும்மா பார்த்துக் கொடுக்கிற வேலை, நிறைவாகச் செய்வோமே என்று அதிலும் ஊற்றி மூடியிருந்தான்.

பிளாரன்ஸ் எழுந்து நின்றாள். தம்பியின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

அவன் நம்பரைப் போட்டான். எடுத்தது இன்பமணி. நலம் விசாரிக்க அவளை விடவில்லை.

"இன்பமணிக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன். உங்க வேன் பிரேக்குல ஊத்தக் கூடாத எண்ணெயை ஊத்திட்டேன். பிரேக் பிடிக்காமப் போயிரும். எங்க வண்டி இப்பந்தான் அடிச்சிட்டு நிக்கி. அண்ணன்ட்ட சொல்லுங்க, வண்டியை எடுக்கவே கூடாது."



"ஐயோ தம்பி, அவிய போனை சார்ஜ்ல போட்டுட்டுப் போயிட்டாவளே. கோயில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளையளை ஏத்திக்கிட்டு ஆதிச்சநல்லூரு பாக்கப் போறாவ. கோயில் முன்னால நின்னு பிள்ளைய எல்லாம் இப்பந்தான் கைகாட்டிட்டுப் போச்சுது."

"கூட யாரு?"

"கன்னியர் மடத்து சிஸ்டரு ஒருத்தவ. நம்பர் எனக்குத் தெரியாதே… சாமியார் பங்களாவுல கேக்கேன்." அவள் குரல் உடைந்தது. "எங்க சின்னவளும் அதுலதான் இருக்கா, தம்பி."

இப்போதுதான் கிளம்பினார்கள் என்றால் இன்னும் முக்காணிக்கு வந்திருக்க மாட்டார்கள். அங்கே வந்துதான் ஏரல் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகு ஆற்றோரம் முழுக்க வளைவும் பாலமும்தான்.

கிளைட்டன் பைக்கை நோக்கி ஓடினான். அவன் உதைப்பதற்குள் பிளாரன்ஸ் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். தன் போனை ஆனியின் கையில் திணித்தாள்.

"ஒங்க அண்ணன் திரும்பவும் போன் போடுவாவ. நடந்ததைச் சொல்லு. எதையும் மறைக்காத."

ஆனி தலையாட்டினாள். அவள் கையில் போன் மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.

பிளாரன்ஸ் பைக்கில் ஏறவில்லை. அதன் சக்கரத்தையும் ஹேண்டில் பாரில் இருந்த பிரேக் பிடியையும் ஒரு தடவை பார்த்தாள்.

"இது யாரு வண்டில?"

"நேசக்குமாரு வண்டிக்கா."

"இதுல நீ கை வச்சியா?"

"இல்லக்கா. மாதா மேல சத்தியமா இல்ல."

"அப்பம் நிக்கும்," என்றாள் பிளாரன்ஸ். பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "எடு."